மடக்கு வண்டி வாங்கலாமா? ஆறு மாதம் இழுத்துப் பார்த்தாச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் மீதி ஒன்றரை எங்கே போனது என்று தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: இரும்புச் சட்டம், அதற்குள் கெட்டித் துணியில் தைத்த தொட்டி, கீழே நாலு சக்கரம், முன்னால் இழுக்க ஒரு நீளக் கைப்பிடி. நடுவில் இருக்கிற வாரைப் பிடித்து மேலே தூக்கினால் நாலு பக்கமும் உள்ளே மடங்கி, சுருட்டி நிறுத்திய பாய் மாதிரி ஆகிவிடும். நாங்கள் இருக்கிற தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் கடற்கரைச் சாமான்களோடு சேர்த்து 'பீச் வேகன்' என்று எழுதி வைத்திருப்பார்கள், கடற்கரைக்கு அது லாயக்கில்லை, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வண்டி, அவ்வளவுதான். நான் கொடுத்தது 1,399 ரேண்ட். பெட்டியில் 80 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது.

ஏன் வாங்கினேன் என்றால், சின்னவன் ஒன்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கால்பந்து அணியில் ஆடுகிறான், பெரியவளுக்குப் பத்து வயது, குருளையர் படையில் இருக்கிறாள். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் குருளையர் என்போமே, சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவு, அதேதான், இங்கே ஏழிலிருந்து பத்து வயது வரை, பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே படை. இரண்டும் சனிக்கிழமை. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, முக்கால்வாசி சனிக்கிழமை அவர் கிரேன் பக்கம்தான் இருப்பார். பெற்றோர் கூட்டத்தில் "யாராவது தண்ணீர் கொண்டுவர முடியுமா?" என்று கோச் கேட்டபோது எல்லோரும் கைபேசியைக் குனிந்து பார்க்க, நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

தன்னார்வலர் என்றால் பிள்ளைகளுக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுப்பது, ஓரமாக நின்று கைதட்டுவது, இப்படி ஏதோ நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. முக்கால்வாசி சுமக்கிற வேலை. பந்து மூட்டை, கூம்புகள், அணி பிரிக்கச் சட்டைமேல் போடுகிற பிப் இரண்டு நிறத்தில், காற்றடிக்கிற பம்ப், முதலுதவிப் பெட்டி, மடக்கு நாற்காலி, பாட்டிகளுக்கு வெயில் படாமல் இருக்க கெஸீபோ என்கிற மடக்குப் பந்தல் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். மைதானத்துக் குழாயில் தண்ணீர் வருவது அன்றன்றைய அதிர்ஷ்டம் என்பதால் 25 லிட்டர் கேன் ஒன்று கட்டாயம் போக வேண்டும். தாமிரபரணிக் கரையில் இடுப்பில் குடத்தோடு நடந்த பாட்டியின் பேத்திதான் நான். ஆனாலும் 25 லிட்டர் பிளாஸ்டிக் கேனுக்கு இடுப்பு ஒத்துழைக்காது, குடத்துக்கு இருக்கிற கழுத்து அதற்குக் கிடையாது. மூன்று சனிக்கிழமை காருக்கும் மைதானத்துக்குமாக நாலு நடை நடந்தேன். நாலாவது வாரம் வண்டி வாங்கினேன்.

வண்டி எப்படி என்று தெரிய வேண்டுமானால் போன ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை அப்படியே சொன்னால் போதும்.

ஜூனில் இங்கே குளிர்காலம். ஊட்டிக் குளிரெல்லாம் இல்லை, பகலில் நம்மூர் மார்கழி மாதிரி சுகமாக இருக்கும், ஆனால் சூரியன் எழுந்து வருவதற்கே கிட்டத்தட்ட ஏழு மணி ஆகும். ஆறு மணிக்கு இருட்டில் காரின் டிக்கியைத் திறந்தேன். இது முதல் பிரச்சினை: மடக்கிய வண்டி டிக்கிக்குள் போகும், ஆனால் அது போனபிறகு வேறு எதுவும் போகாது. சின்னக் கார் வைத்திருக்கிறவர்கள் கடைக்கே காரை எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கெஸீபோ பின்சீட்டில், கேன் முன்சீட்டில் சீட்பெல்ட் போட்டு, பிள்ளைகள் இரண்டும் பந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. இன்னொன்று, காலி வண்டியே பதினோரு கிலோ. அதைத் தூக்கி டிக்கியில் வைக்கிறபோதே தெரிந்துவிடும், சுமையைக் குறைக்க வாங்கிய சாமானே ஒரு சுமைதான் என்று.

நாங்கள் இருப்பது ரிசர்வாயர் ஹில்ஸில். பெயரிலேயே மலை இருக்கிறது, சமதளம் என்று ஒரு வாசல்கூடக் கிடையாது. மைதானமும் அப்படித்தான், கார் நிறுத்துகிற இடம் மேலே, புல்தரை கீழே, நடுவில் ஒரு சரிவுப் பாதை. ஏற்றத்தில் வண்டி தங்கம், சத்தியமாகச் சொல்கிறேன், அறுபது கிலோ இருக்கும், ஒரு கையால் இழுத்தேன். இறக்கத்தில்தான் அதன் குணம் தெரியும். பிரேக் இல்லை. நீங்கள் முன்னால் போனால் அது பின்னாலேயே ஓடிவந்து குதிகாலில் இடிக்கும், இடித்துவிட்டு நிற்காது, மறுபடியும் இடிக்கும். முதல் மாதம் முழுக்க இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர். அப்புறம், நிறுத்திய கார்களைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டாக மஞ்சள் சட்டையில் நிற்கிற தாத்தா ஒருவர்தான் பார்த்துப் பரிதாபப்பட்டு வழி சொன்னார்: வண்டியைத் திருப்பிவிட்டு, அது முன்னால் இறங்க, நீ பின்னால் நின்று கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே போ, மாட்டை மேய்க்கிற மாதிரி. அன்றைக்கு அவருக்கு வழக்கமான ஐந்து ரேண்டுக்குப் பதில் இருபது கொடுத்தேன். இந்த உபாயம் பெட்டியோடு வந்த தாளில் இல்லை.

அதே சரிவில் ஒரு வளைவு வரும். முன்சக்கரங்கள் ரொம்பவும் திரும்பிவிட்டால் வண்டிக்கு நிற்க அகலம் போதாது, பக்கவாட்டில் சாயும். கனமான சாமானைப் பின்பக்கம் அடியில் வையுங்கள், மேலே கெஸீபோவை நெடுக்காக வைக்காதீர்கள். நான் வைத்தேன். கூம்புகள் முப்பதும் ஆரஞ்சு நிறத்தில் சரிவு முழுக்க உருண்டு போயின, எதிரணிப் பிள்ளைகள்தான் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

காலைப் பனியில் புல் ஈரமாக இருக்கும். வெட்டிய புல் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு கிறீச் கிறீச் என்று கத்தும், வுவுசெலா ஊதுகிற ஒரு அப்பா எங்கள் அணியில் இருக்கிறார், 2010 உலகக் கோப்பையோடு அந்த ஆசை அவருக்கு முடியவில்லை, அவரே திரும்பிப் பார்க்கிற அளவு சத்தம். சமையல் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் ஒரு வாரத்துக்கு அடங்கும். அதைவிட மோசம் பிளாக்ஜாக். இங்கே குளிர்காலத்தில் காய்கிற களை, அதன் கறுப்பு ஊசி விதைகள் துணி கண்டால் விடாது. வண்டியின் துணி அவற்றுக்காகவே நெய்தது போல. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது, சின்னவனின் காலுறைக்கு அடுத்த வரிசையில் வண்டி.

ஆட்டம் எட்டரைக்கு. லைன்ஸ்மேன் வரவில்லை என்று கொடியை என் கையில் திணித்துவிட்டார்கள், எனக்கு ஆஃப்சைடு இன்றுவரை புரிந்ததில்லை, பந்து வெளியே போனால் மட்டும் தூக்குவேன் என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் நின்றேன். நான் கொடியோடு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி கெஸீபோவுக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. அதற்குள் ஏழு கிலோ நார்ட்ஜி.

நார்ட்ஜி தெரியாதவர்களுக்கு: நம்மூர்க் கமலா ஆரஞ்சு மாதிரி தோல் எளிதாக உரிகிற பழம், குளிர்காலத்தில் தெருமுனையெல்லாம் வலைப்பையில் தொங்கும். எழுதுவது ஒரு மாதிரி, வாயில் வருவது 'நாச்சி'. பெயர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் புழங்குகிறது, ஆனால் அகராதியைத் திறந்தால் மூலம் நம்ம நாரத்தை என்று போட்டிருக்கிறார்கள். நாரத்தங்காய் ஊறுகாயின் பெயர் கடல் தாண்டி வந்து, இனிப்புப் பழத்தின் தலையில் உட்கார்ந்து, இடைவேளையில் எட்டு வயதுப் பிள்ளைகளின் வாயில் போகிறது. எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு, ஒவ்வொரு வாரமும் யாரிடமாவது சொல்லிவிடுவேன், எல்லோரும் முன்பே கேட்டுவிட்டார்கள்.

எங்கள் அணியில் ஒரு பையனின் பாட்டி வருவார், எல்லோருக்கும் அவர் ஆயா. முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியதே, அந்த வரிசையில் பின்னால் எப்போதோ. அவருடைய தமிழ் அடுப்படித் தமிழ், கோயில் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். என்னைப் பார்த்தால் மட்டும் தமிழை வெளியே எடுப்பார். அன்று காலையிலேயே சொன்னார், "கண்ணு, மேல துணி போடு. கொரங்கு பாத்துக்கிட்டே இருக்கு." "சரி ஆயா" என்றேன், போடவில்லை. போட என்னிடம் துணி இல்லை, வண்டிக்கு மூடியும் இல்லை.

இந்தப் பக்கத்துக் குரங்குகள் சாம்பல் உடம்பு, கறுத்த முகம், வெர்வெட் என்பார்கள். அவசரப்படாது. முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மரத்திலிருந்து ஒன்று இறங்கியது, நடந்து வந்தது, வண்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து வலைப்பையைப் பல்லால் கிழித்தது, அதற்குள் இன்னும் எட்டுப் பத்து வந்துவிட்டன. நான் கொடியை வீசிக்கொண்டு ஓடுகிறேன், நடுவர் அதை த்ரோ-இன் என்று நினைத்து விசில் ஊதுகிறார். ஆட்டம் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அன்றைய ஆட்டத்திலேயே பிடித்த பகுதி அதுதான். மிஞ்சியது பதினொரு பழம், கீற்றுக் கீற்றாகப் பிரித்து இரண்டு அணிக்கும் கொடுத்தோம். 3–1 என்று தோற்றோம், அது குரங்கின் தப்பில்லை.

மறுவாரம் ஆயா ஒரு பழைய மேசைவிரிப்பும் பன்னிரண்டு துணிக்கிளிப்பும் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் இப்போது மூடி. மூடியோடு விற்கிற வண்டி கிடைத்தால் நூறு இருநூறு ரேண்ட் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள், எல்லோருக்கும் ஆயா கிடைப்பதில்லை.

பதினொன்றரைக்கு எல்லாம் திரும்ப ஏற்றி, சரிவில் மேலே இழுத்து (ஏற்றத்தில் தங்கம் என்று சொன்னேனே), டிக்கியில் போட்டு, அடுத்த இடத்துக்கு ஓட்டம். நடுவில் சாப்பாடு. இரண்டு குவார்ட்டர் பீன்ஸ் 'பன்னி சௌ' வாங்கினோம், அதாவது கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே சூடான பீன்ஸ் கறி ஊற்றி, மேலே குடைந்த ரொட்டியை மூடியாக வைத்து, கூடவே கேரட் சம்பால். மேசை இல்லாததால் வண்டியை விரித்து அதன் மேல் கெஸீபோப் பையைப் பலகை மாதிரி போட்டுச் சாப்பிட்டோம். மேசையாக வண்டி பரவாயில்லை. ஆனால் பன்னியின் அடி ஊறினால் எதுவும் நிற்காது. வண்டித் துணியைச் சட்டத்திலிருந்து கழற்ற முடியாதபடி தைத்திருக்கிறார்கள், துவைக்க முடியாது, குழாயடியில் நிறுத்தித் தேய்த்தேன். மஞ்சள் கறை இப்போதும் தென்னாப்பிரிக்க வரைபடம் மாதிரி ஒரு மூலையில் இருக்கிறது. அரைப் புள்ளி அதற்குப் போனது.

ஒன்றரைக்குக் குருளையர் கூடம். ஏறுவதற்குப் பதினொரு படி. வண்டிக்குப் படி ஆகாது. கீழேயே சாமானை இறக்கிக் கையில் ஏற்றலாம் என்று நான் குனிந்தபோது அகேலா தடுத்துவிட்டார். அகேலா என்றால் படையின் தலைவர், ஜங்கிள் புக் கதையில் வரும் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் பெயர்தான் பல ஊர்களிலும், எங்கள் அகேலா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, குரல் உயர்த்தியே பார்த்ததில்லை. "இது அவர்கள் வேலை" என்றார். ஆறு பிள்ளைகள் முன்சட்டத்தில் கயிறு கட்டினார்கள், எந்த முடிச்சு என்பதற்கே கால் மணி நேரம் சண்டை, அப்புறம் இருவர் பின்னால் தூக்க நாலு பேர் இழுக்க, விறகு மூட்டையோடு வண்டி ஒவ்வொரு படியாக ஏறியது. சட்டம் வளையவில்லை. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், இரும்பு உண்மையிலேயே நல்ல இரும்பு.

தையல் அப்படியில்லை. மேலே போனதும் ஒரு குட்டிப் பயல் வெற்றி ஊர்வலம் என்று உள்ளே ஏறி உட்கார்ந்தான், இரண்டு பேர் இழுத்துக்கொண்டு ஓடினார்கள், பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்துவிட்டது. பெட்டியில் 80 கிலோ, பயல் 24 கிலோ. வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். "ஆள் யாராவது உட்கார்ந்தார்களா?" என்று கேட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம். பெரியவள் பக்கத்தில் நின்றாள், போன வாரம்தான் குருளையர் உறுதிமொழி எடுத்திருந்தாள், உண்மையைச் சொன்னேன். ஆள் ஏறினால் உத்தரவாதம் கிடையாது என்று தாளின் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு வரியைக் காட்டினார்கள். எறும்பு எழுதியது போல் அத்தனை சின்ன எழுத்து. மீன்பிடி நரம்பு வாங்கி, சாக்கு ஊசியால் வீட்டுக்காரரே தைத்துக் கொடுத்தார், கடைக்காரர் போட்ட தையலைவிட அது உறுதியாக இருக்கிறது.

சாயங்காலம் தீ மூட்டினார்கள். குச்சியில் மாவைச் சுற்றிச் சுடுகிற ஸ்டாக்பிரூட், பாதி கரி பாதி பச்சை, பிள்ளைகள் அமிர்தம் மாதிரி சாப்பிட்டார்கள். அப்போது அகேலா மாஃபெகிங் கதை சொன்னார். 1899இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டு, அந்த ஊர் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது பையன்கள் படை ஒன்று சைக்கிளில் கடிதமும் செய்தியும் கொண்டுபோனதையும், ஊரைக் காத்த பேடன் பவல் அதை மனதில் வைத்திருந்து 1907இல் இங்கிலாந்தில் முதல் சாரணர் முகாம் நடத்தியதையும். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதே போரில் நம்ம டர்பன் இருக்கிற நேட்டால் பக்கம், காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 இந்தியர்கள் அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கிச் சுமந்தார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக் கூலிகள் என்று சொன்னேன். "ஆன்ட்டி, அவர்களிடம் வண்டி இருந்ததா?" என்றான் தையலைப் பிரித்தவன். இல்லை, டோலி, மைல் கணக்காக நடை என்றேன். அவன் வண்டியை ஒரு பார்வை பார்த்தான். அப்படிச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சாரணராகச் சேர்ந்தபோதும் தனி வரிசைதான், 1977 வரை இந்த நாட்டில் வெள்ளையர், கறுப்பர், இந்தியர் என்று சாரணர் இயக்கமே தனித்தனியாக இருந்தது. அன்று தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது நம்பமுடியாத கதை. நாங்களும் அதற்குமேல் நீட்டவில்லை, மாவு கருகிக்கொண்டிருந்தது.

ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. வண்டியில் ஒளி பட்டால் மின்னுகிற பட்டை எதுவும் கிடையாது, கறுப்புத் துணி, கறுப்புச் சக்கரம், பின்னால் வந்த காருக்குத் தெரிந்திருக்காது. பெரியவளின் தலைவிளக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனோம். நீங்கள் வாங்கினால் முதல் நாளே சைக்கிள் கடையில் ஒரு சிவப்பு விளக்கு வாங்கி மாட்டிவிடுங்கள்.

கடற்கரைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படையோடு நார்த் பீச்சுக்குப் போனோம், சிமெண்ட் நடைபாதையில் அழகாக வந்தது, மணலில் இறங்கிய மூன்றாவது அடியில் புதைந்து நின்றுவிட்டது. சக்கரம் ஒல்லி. இன்னொரு அம்மாவிடம் உருளை மாதிரி அகலச் சக்கரம் வைத்த வண்டி இருக்கிறது, அது மணலில் போகும், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, டிக்கியில் இன்னும் இடம் அடைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

மிச்சம் இருக்கிற முக்கியமான குறைக்கு வண்டி செய்த கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை குறையும் என்று வாங்கினேன், கூடிவிட்டது. முன்பெல்லாம் என்னால் தூக்க முடிகிற அளவுக்குத்தான் கேட்பார்கள். இப்போது வண்டியால் தூக்க முடிகிற அளவுக்குக் கேட்கிறார்கள். எதிரணியின் கோல் வலைகூட ஒருநாள் என் வண்டியில் வந்தது. கெஸீபோ முன்பு மூன்று குடும்பம் முறைவைத்துக் கொண்டுவந்த சாமான், இப்போது அது நிரந்தரமாக என் வீட்டு கராஜில் இருக்கிறது, எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்கே நினைவில்லை. வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் போய்விட்டது, "வேகன் வருகிறதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த ஜூன் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, குதிகாலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த செய்தி வந்தது. அடுத்த மாதம் முகாம், விறகு பன்னிரண்டு மூட்டை, தண்ணீர்க் கேன் நாலு, வேகன் கிடைக்குமா? வண்டி நிச்சயம் வரும், கைப்பிடியைப் பிடிக்க யார் வருகிறீர்கள் என்று பதில் போட்டேன். இருபத்து மூன்று பேர் பார்த்ததாகக் காட்டுகிறது. இதுவரை கார் கார்டு தாத்தாவைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன், அவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.